சொல் இல்லாத பத்து நிமிடம்

உயிலங்குளத்துச் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தி, என் செல்லோவைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார்கள். சாலையின் இரு பக்கமும் வயல். அறுவடை முடிந்து தாள்கள் மட்டும் நின்றன. வெயிலில் செல்லோவை நிறுத்தினேன். ஒரு சிப்பாய் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அதன் வயிற்றில் இருக்கும் துவாரத்துக்குள் டார்ச் அடித்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார். எங்கள் வயலின்காரர் சந்தனவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு பெரிய வயலினைத் தோளில் எப்படி வைப்பார் என்று கேட்கிறார்" என்று எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் வேன் படியில் உட்கார்ந்து, செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே வைத்து, ஒரே ஒரு நீண்ட சுரம் வாசித்துக் காட்டினேன். சிப்பாய் தலையாட்டி, போகலாம் என்று கை காட்டினார்.

சென்னையில் சினிமாப் பாட்டுப் பதிவுகளில் செல்லோ வாசிப்பது என் தொழில். டாக்டர் கமலினி கொழும்பில் கண் மருத்துவர், நல்ல பியானோ கலைஞர். அவர் சென்னையில் படித்த காலத்தில் நாங்கள் சேர்ந்து வாசித்திருக்கிறோம். போர் முடிந்து ஊர் திரும்பிய மீனவக் குடும்பங்களுக்குப் படகும் வலையும் வாங்கிக் கொடுக்க, அவரும் சந்தனவும் கொழும்பில் ஒரு கச்சேரி நடத்தியிருந்தார்கள். பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கிற ட்ரையோக்கள் இரண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை. படகுகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் கமலினிக்கு மனம் ஆறவில்லை.

"அவையளுக்குப் படகு, கொழும்பு ஆக்களுக்கு இசையோ? அதே கச்சேரியை அந்த ஊரிலயும் வாசிக்க வேணும். இஞ்ச வாசிச்ச செல்லோக்காரர் வெளிநாடு போயிட்டார். நீ வா" என்று போனில் சொன்னார். ஊரின் பெயர் அரிப்பு என்றதும் நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதை. ஒரு காலத்தில முத்துக் குளிச்ச கரை அது" என்றார்.

சாவடியைத் தாண்டி அன்று மாலை மன்னார்த் தீவுக்குள் நுழைந்தோம். கடலுக்கு நடுவே நீண்ட பாதை. இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீரில் பறவைகள். ஊருக்குள் நுழைந்தால் தெருவை அடைத்துக்கொண்டு கழுதைகள். சென்னையில் மாடுகள் நடுத்தெருவில் நிற்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதல்ல. ஆனால் மாடு நகர்ந்துகொள்ளும், இவை நகரவில்லை. டிரைவர் இறங்கிப் போய் ஒவ்வொன்றையும் கையால் தள்ளிவிட்டு வந்தார்.

கன்னியர் மடத்தில் தங்கினோம். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும், சுறா வறையும். சுறாவை வேகவைத்து உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறுத்திருந்தார்கள். மூன்றாவது தடவை போட்டுக்கொண்டபோது பரிமாறிய சிஸ்டர், "இந்தியாவில சுறா இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது, இப்படி இல்லை என்றேன். என் கைபேசி திடீரென்று இந்தியாவுக்கு வருக என்று வரவேற்றது. அக்கரைக் கோபுரத்தின் அலை இந்தப் பக்கமும் எட்டுகிறது. அவ்வளவு பக்கம்.

மறுநாள் காலை அனுமதி வாங்கப் போனோம். அந்தப் பகுதியில் அப்போது நாலு பேர் ஓரிடத்தில் கூட வேண்டுமென்றாலும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். அரிப்புத் தேவாலயத்துப் பாதர் விண்ணப்பத்தோடு எங்களுக்காகக் காத்திருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும், அங்கியின் விளிம்பெல்லாம் செம்மண்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். தாளைப் படித்துவிட்டு சந்தனவிடம் சிங்களத்தில் பேசினார். சந்தன வரிக்கு வரி எனக்கு மொழிபெயர்த்தார்.

"ரொமான்டிக் இசை என்று போட்டிருக்கிறீர்கள். காதல் பாட்டுகளா?"

"இல்லை, அது அந்தக் காலத்துக்குப் பெயர்."

"பாட்டுகளின் வரிகளை மூன்று பிரதி தரவேண்டும். மொழிபெயர்ப்போடு."

"வரிகள் இல்லை."

"யார் பாடுகிறார்கள்?"

"யாரும் பாடவில்லை. வாத்தியங்கள் மட்டும்."

அதிகாரி யோசித்தார். "அப்படியென்றால் பாட்டு எதைப் பற்றியது?"

சந்தன வாயைத் திறந்து, மூடி, கமலினியைப் பார்த்தார். கமலினி என்னைப் பார்த்தார். முப்பது வருடம் வாசிக்கிறேன், எனக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் அதிகாரியே 'சொற்கள் இல்லை' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் பேனா கடைசி வரியில் நின்றது. காணாமற்போன எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் வாசிக்கப்படும் என்று பாதர் அங்கே எழுதியிருந்தார். அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "இது இசை நிகழ்ச்சிக்கான விண்ணப்பம். இது வேறு விஷயம். இதற்கு அனுமதி தர எனக்கு அதிகாரமில்லை" என்றார். அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பாதர் தாளை நாலாக மடித்தார். "அந்த ஒரு வரிக்காகத்தான் சனம் உங்கட கச்சேரிக்கு வாறம் எண்டு சொன்னவை" என்றார்.

அரிப்பில் பாதரின் வீட்டில்தான் எங்களுக்குத் தங்கல். சமையலுக்கு ரீற்றா என்ற அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே, உயரம், கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். இங்கே தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பாதர் நடந்ததைச் சொன்னார். துருவும் சத்தம் நின்றது.

"அப்ப நான் வரேல்லை பாதர்."

"ரீற்றா, கொஞ்சம் கேளுங்கோ..."

"என்னத்தைக் கேக்கிறது? எங்கட பிள்ளையளின்ர பேர் சொல்லேலாத இடத்தில நாங்கள் கதிரையில இருந்து கை தட்டுறதோ? மற்றப் பொம்பிளையளும் வரமாட்டினம். நான் சொல்லுறன்."

எங்கள் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை. "உங்களில பிழை இல்லை, டொக்டர். சாப்பிடுங்கோ. நண்டு ஆறப்போகுது."

அந்த நண்டுக் குழம்பின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அன்று நாங்கள் மூன்று பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

ரீற்றாவின் மகன் ஜெறோமைப் பற்றிப் பாதர்தான் பிறகு சொன்னார். போர் உக்கிரமானபோது ஊரோடு இடம்பெயர்ந்து கிழக்கே போனார்கள். ஓரிடத்தில் தண்ணீர் எடுத்துவரப் போனவன் திரும்பவில்லை. பத்தொன்பது வயது. செத்தான் என்று சொல்ல ஒருவருமில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஒருவருமில்லை. இப்படி இந்த ஊரில் பல வீடுகள்.

மூன்றாம் நாள் பியானோ வந்தது. கன்னியர் மடத்தின் பழைய பியானோவை, மெத்தைகளைச் சுற்றிக் கட்டி, ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஊருக்குள் திரும்பும் இடத்தில் ட்ராக்டர் மணலில் புதைந்தது. டிரைவர் முடுக்க முடுக்கச் சக்கரம் இன்னும் கீழே போனது. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து வந்தார்கள். படகைக் கரையேற்றும்போது அடியில் போடும் உருளைக் கட்டைகளை எடுத்துவந்து, பியானோவை அதன் மேல் இறக்கினார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து தள்ளினார்கள். பின்னால் விடுபட்ட கட்டையை எடுத்து முன்னால் போட்டுப் போட்டு, கச்சேரி மண்டபம் வரை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளேயிருந்து எல்லாத் தந்திகளும் சேர்ந்து முனகின.

வேர்வையைத் துடைத்தபடி ஒருவர் என்னிடம் கேட்டார். "நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாம், சென்னை."

"உங்கட ட்ரோலர் படகுகள் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது. தெரியுமோ?"

செய்தித்தாளில் படித்திருக்கிறேன், எங்கள் பக்கத்து மீனவர்கள் படுகிற பாட்டைத்தான் படித்திருக்கிறேன். தெரியும் என்று சொல்லவும் முடியாமல், தெரியாது என்று சொல்லவும் முடியாமல் நின்றேன். "உங்களைப் பேசேல்லை. அங்க ஆரிட்டையும் சொல்லுங்கோ எண்டு சொல்லுறன்" என்றார். சொல்வதாகச் சொன்னேன். இதோ எழுதிவிட்டேன்.

மண்டபத்துக்குப் பாதிக் கூரைதான் புதிது. மீதிக்கு நீலத் தார்ப்பாய். பியானோவில் இரண்டு கட்டைகள் உப்புக்காற்றில் இறுகி, அழுத்தினால் எழும்பவில்லை. கமலினி கைப்பையிலிருந்து கண் அறுவைக்கு வைத்திருக்கும் மெல்லிய இடுக்கியை எடுத்து, முன் பலகையைக் கழற்றி, அரைமணி நேரம் குனிந்தபடி நின்று அவற்றை விடுவித்தார். சுருதிதான் மோசம். பியானோ முழுதும் ஒரே அளவாக இறங்கியிருந்தது. அதைத் தூக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அது எவ்வளவு இறங்கியிருந்ததோ அவ்வளவுக்கு நானும் சந்தனவும் எங்கள் தந்திகளை இறக்கிக்கொண்டோம். செல்லோவின் குரல் தடித்துவிட்டது, சளி பிடித்தவர் மாதிரி.

ஒத்திகையில் இரண்டாவது ட்ரையோவின் மெதுவான பகுதிக்கு வந்தோம். அதில் பியானோ நடக்கிற மாதிரி மெல்ல அடியெடுத்து வைக்கும். அதன் மேல் செல்லோ தனியாகத் தொடங்கும். வயலின் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் சேரும். வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தால், ரீற்றா பிளேன்ரீக் கோப்பைகள் வைத்த தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தேநீரில் ஆவி இல்லை.

"ஆறிப்போச்சு. வேற ஊத்திக்கொண்டு வாறன்" என்றார். ஆனால் போகவில்லை. என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"இதில சொல்லு ஒண்டும் இல்லையோ?"

"இல்லைம்மா."

"பிறகு சேர்க்கிறதோ?"

"இல்லை. எழுதினவர் இப்படியேதான் எழுதினார்."

"ஆரை நினைச்சு எழுதினவராம்?"

"தெரியலை. அவர் சொல்லலை."

ரீற்றா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம் வரும்?"

"பத்து நிமிஷம்."

அவர் விரல்களை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. "போதுமோ தெரியேல்லை" என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "மனசுக்குள்ள சொல்லுறதுக்கு ஆரிட்டையும் கடதாசி குடுக்கத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கியது. தேவையில்லை என்று தலையாட்டினேன்.

"பொம்பிளையளிட்டச் சொல்லிப் பாக்கிறன். வருவினமோ தெரியாது" என்று எழுந்து போனார்.

மற்ற இருவருக்கும் சொன்னேன். கமலினிக்குப் பயம். "பாதருக்குத்தான் கரைச்சல் வரும். கச்சேரி முடிய நாங்கள் போயிடுவம், அவர் இஞ்சதான் இருக்க வேணும்" என்றார். சந்தன வயலினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆங்கிலத்தில், "எழுதியிருப்பதைத்தான் வாசிக்கப்போகிறோம். கேட்கிறவர் மனதில் என்ன ஓடும் என்று விண்ணப்பத்தில் கேள்வி இல்லை" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

கச்சேரி மறுநாள் பகல் மூன்று மணிக்கு. பொழுதுபட்டால் ஆண்கள் தொழிலுக்குப் போய்விடுவார்கள். தொழில் என்றால் இங்கே கடல்தான். மூன்று மணிக்கு மண்டபத்தில் மன்னாரிலிருந்து வந்த சிஸ்டர்கள், பியானோ தள்ளிய ஆண்கள், பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம். நடுவில் மூன்று வரிசை காலி. பின்சுவரோரம் அந்த அதிகாரி கையில் நிகழ்ச்சித் தாளோடு நின்றார். பாதர் கதிரை கொடுத்தும் உட்காரவில்லை. கமலினி இசைத்தாளின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றே கால் இருக்கும். கடற்கரைப் பக்கத்து வாசல் வழியாகப் பெண்கள் வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, பூசைக்கு வருகிற மாதிரி தலையில் முக்காட்டோடு, பேசாமல் வந்து காலி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். ரீற்றா மூன்றாவது வரிசையில் ஓரமாக. இருந்த இடம் போதாமல் நாலைந்து பேர் சுவரோடு நின்றார்கள்.

முதல் ட்ரையோ துள்ளலானது. பிள்ளைகள் சிரித்தார்கள். சந்தனவின் வில்லோடு சேர்ந்து ஒரு சின்னப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சென்னையில் சபாக் கச்சேரிகளில் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் அசையவில்லை. முடிந்ததும் ஆண்கள் கை தட்டினார்கள். பெண்கள் தட்டவில்லை. காத்திருந்தார்கள்.

இரண்டாவது ட்ரையோவின் மெதுவான பகுதி வந்தது. பியானோ அடியெடுத்து வைத்தது. நான் வில்லை வைத்தேன். இசைத்தாளைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஓரிடத்தில் எடுத்துவிட்டேன். மூன்று வரிசை முழுக்க உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லை. கைகள் மடியில் இருந்தன. கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்தது. தன் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, ஒவ்வொருவரும் எல்லோருடைய பிள்ளைகளின் பெயர்களையும் சொல்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நடுவே வயலின் உரத்து எழுகிற இடத்தில் ஒரு பெண் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் அவர் முழங்காலில் கை வைத்தார், தன் உதடுகளை நிறுத்தாமல்.

பகுதி முடிந்தது. கடைசி இரண்டு சுரங்களை நானும் சந்தனவும் விரலால் மீட்ட வேண்டும், மீட்டினோம். கமலினி பக்கத்தைப் புரட்டிவிட்டார். அடுத்தது வேகமான பகுதி, பியானோ தொடங்க வேண்டும். நான் முன்னால் பார்த்தேன். உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. ரீற்றாவின் கட்டைவிரல் நடுவிரலில் நின்றது; இன்னும் பாதிக் கை மிச்சம் இருந்தது.

யோசிக்கவில்லை. வில்லை எடுத்து, மெதுவான பகுதியை முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். துணையில்லாமல் செல்லோ மட்டும். இரண்டு மூன்று நொடி கமலினி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பிப் போட்டு, சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். சந்தன கண்ணை மூடித் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

இரண்டாவது முறை முடிவதற்குக் கொஞ்சம் முன்பே உதடுகள் ஒவ்வொன்றாக அடங்கின. யாரும் கை தட்டவில்லை. வேகமான பகுதிகளையும் வாசித்து முடித்து எழுந்தபோதுதான் பெண்கள் தட்டினார்கள். ஆண்கள் தொழிலுக்குக் கிளம்பினார்கள்.

அதிகாரி தாளைக் கையில் பிடித்தபடி சந்தனவிடம் வந்தார். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பாதர் சற்றுத் தள்ளி, அசையாமல் நின்றார். அதிகாரி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தலையசைத்து, ஜீப்பில் ஏறிப் போனார்.

"என்ன கேட்டார்?" என்றேன்.

"ஒரு பகுதி இரண்டு தரம் வந்ததே என்றார். நன்றாக இருந்தால் மறுபடி வாசிப்பது எங்கள் வழக்கம் என்றேன். யாரும் கை தட்டவில்லையே என்றார்."

"நீங்கள்?"

"மிக நன்றாக இருந்தால் சில நேரம் கை தட்டவும் மாட்டார்கள் என்றேன்." சந்தன வில்லைத் தளர்த்தினார். "அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை."

பாதர் அன்று இரவு முழுதும் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அது அடிக்கவில்லை.

கடைசி நாள் காலையில் வேன் வருவதற்கு முன் கடற்கரைக்கு நடந்தேன். படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. ரீற்றா கூடையோடு நின்று, பாரை மீனைப் புரட்டிச் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் சேர்ந்து நடந்தோம்.

"ஜெறோம் நல்லா மெளத்-ஓர்கன் ஊதுவான்" என்றார். பிறகு, "ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் ஆரை நினைச்சு வாசிச்சனீங்கள்?"

நல்ல பதிலாக ஒன்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"யாரையும் நினைக்கலைம்மா. மூணு பேரும் தாளத்துல பிரிஞ்சு போயிடக் கூடாதே. அதனால ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் எண்ணினதுதான்."

வெட்கமாக இருந்தது. ரீற்றா நின்று என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் கையை எடுத்துத் தன் ஈரம் காயாத கைகளுக்குள் வைத்துக்கொண்டார். மீன் வாசனை.

"அதில வெட்கப்பட என்ன இருக்கு?" என்றார். "ஆராவது ஒராள் எண்ணத்தானே வேணும்."